முப்பத்தெட்டாம் அளவுக் கோட்டு

அந்தக் கோட்டு முதன்முதலில் மூச்சு விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. தையல்காரி இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. முன்னறையில், ஜன்னலுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவே, தையல் பொம்மையின் மேல் கோட்டு இருந்தது. இடது கை தற்காலிக நூலோட்டத்தில் மட்டும் தொங்கியது. கீழ்விளிம்பு மடிக்கப்படவில்லை. பொத்தானுக்கான இருபத்து நான்கு காஜாக்களில் நெஞ்சுப் பக்கத்து நான்கு பாக்கி. அவள் கணவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். தெருவில் அவனுக்கு வரைபடக்காரன் என்றுதான் பெயர். கோட்டின் மார்பு உயர்ந்தது, தாழ்ந்தது. இரண்டு குட்டை மூச்சு, ஒரு நீள மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் ஏழுவரை எண்ண முடிந்தது. கடைசி ஐந்து மாதம் பக்கத்தில் இருந்து அவன் எண்ணிய மூச்சுதான் அது. எழுந்து ஜன்னலைச் சாத்தினான். காற்று இல்லை என்று உறுதியானதும் திரும்ப வந்து உட்கார்ந்தான்.

அந்த வாரத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் படியேறி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரெண்டு பேருன்னுதான் வீடு விட்டேன். இப்பவும் ரெண்டுதான். கணக்கு சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு, குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரும் வந்தார். காதில் கருவியை மாட்டிக் கோட்டின் முதுகில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். "எடது பக்கம் அப்படியேதான் இருக்கு. ஆவி புடிக்கச் சொல்லுங்க," என்றார். வரைபடக்காரன் இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஆவி காட்டினான். ஒரு நாள் நன்றாக இருந்தது. மறுநாள் பழையபடி.

தையல்காரி நாடக அரங்கின் உடையறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். பழங்காலத்து உடைகள் அவள் பொறுப்பு: விறைப்புக்கு எலும்புக் குச்சி வைத்த ரவிக்கைகள், வளையம் வைத்த பாவாடைகள், சேனாதிபதிகளின் அரைக்கோட்டுகள். எதையும் அவள் மனதிலிருந்து வெட்டவில்லை. கடையில் விற்கும் பேட்டர்ன் உறைகளிலிருந்துதான் வெட்டினாள். உறைக்குள் எட்டாக மடித்த மெல்லிய தாள்கள் இருக்கும். பெருமூச்சு விட்டாலே பறக்கும். ஒரே தாளில் நான்கு அளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அச்சிட்டிருக்கும். மார்பளவு முப்பத்தாறுக்கு முழுக்கோடு, முப்பத்தெட்டுக்குக் கோடும் புள்ளியும், நாற்பதுக்கு வெறும் புள்ளிகள், நாற்பத்திரண்டுக்கு விட்டுவிட்டு வரும் கோடு. அவசரக்காரர்கள் வேண்டிய கோட்டில் தாளையே வெட்டிவிடுவார்கள். அவள் வெட்டமாட்டாள். மேலே இன்னொரு தாளை வைத்து, வேண்டிய அளவை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, மூலத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போடுவாள். "உள்கோட்டுல வெட்டிட்டா வெளிக்கோட்டு ஆளெல்லாம் போயிடுவாங்க," என்பாள். நடிகர்கள் மாறுவார்கள். இந்த வருடத்து ராஜா ஒல்லி, அடுத்த வருடத்து ராஜாவுக்குத் தொப்பை. அதனால் பக்கத் தையல்களிலும் ஓர் அங்குலத் துணியைக் கூடுதலாக விட்டு உள்ளே மடித்து வைப்பாள். அவள் தைத்த எந்த உடையையும் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். உடையறையில் அவளுக்கு அதனால்தான் மதிப்பு.

4417 என்ற எண் போட்ட உறையை அவள் நோயில் படுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வாங்கினாள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அரசவைக் கோட்டு. முழங்கால்வரை நீளம், இடுப்புக்குக் கீழே குடை மாதிரி விரிவு, முழங்கையைத் தொடும் கைமடிப்பு. உறையின் மேல் இடுப்பில் கைவைத்து ஒருவன் நின்றிருந்தான். அவனுக்கு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வருடம் அரங்கில் ராஜா வரும் நாடகமே இல்லை. வரைபடக்காரன் அதைக் கவனித்துத்தான், யாருக்கு என்று கேட்டான். "உங்களுக்குத்தான். வேற யாருக்கு?" என்றாள். ராஜா கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கா போவது என்று சிரித்தான். ஆனாலும் கரும்பச்சைக் கம்பளித் துணியை அவனே தோளில் சுமந்து வந்தான். இருபத்து நான்கு ஈயப் பொத்தான்களைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கினான். நோய் முற்றி அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்ததும், ஊசியில் நூல் கோப்பது அவன் வேலையாயிற்று. காலையில் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, ஊசி மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவான். மாலையில் வரும்போது பன்னிரண்டும் காலியாக இருக்கும். சாப்பிடக்கூட எழ முடியாதவள் பன்னிரண்டு நூலையும் எப்படித் தீர்த்தாள் என்று அவன் கேட்டதில்லை. தனக்காகத் தைக்கிறாள் என்று நினைத்தான். அந்த நினைப்பிலேயே மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவான்.

கோட்டு மூச்சு விடத் தொடங்கி ஒரு மாதத்தில் அவன் தையல் கற்றுக்கொண்டான். உறைக்குள் இருந்த செய்முறைத் தாளே போதுமாக இருந்தது. வரைபடம் வரைகிறவனுக்கு நேர்கோடு சுலபம். முதலில் போட்டுப் பார்த்தான். கைகள் நுழைந்தன. முதுகுத் தையல் தோள்பட்டைகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. அவன் மார்பளவு நாற்பத்திரண்டு. இன்னொன்றையும் கவனித்தான். அவன் உடம்பின் மேல் இருந்த நேரம் முழுக்கக் கோட்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பொம்மையில் மாட்டியதும் நீளமாக ஒன்றை விட்டது. புதுத் துணியின் விறைப்பு என்று அவன் சொல்லிக்கொண்டான். பக்கத் தையலைப் பிரித்தான், கூடுதலாக விட்ட துணியைத் தேடி. துணி இல்லை. தையலுக்கு வேண்டிய அரை அங்குலம்தான் இருந்தது, அதற்குமேல் ஒரு நூல்கூட விடவில்லை. சரி என்று பச்சைத் துணியில் இரண்டு பட்டை வெட்டிப் பக்கங்களில் ஒட்டுக்கொடுத்துத் தைத்தான். மறுநாள் காலை பட்டைகள் இரண்டும் மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பிரித்த நூல் ஊசியைச் சுற்றி எட்டு வடிவில் சுற்றியிருந்தது, அவள் சுற்றுகிற மாதிரியே. கோட்டு பழைய அளவில் நின்றிருந்தது. பதினொரு முறை தைத்தான். பதினொரு முறையும் அப்படியே.

பன்னிரண்டாவது முறைக்கு முன் பேட்டர்னைச் சரிபார்த்துவிடலாம் என்று 4417 உறையைத் திறந்தான். உள்ளே நகல் இல்லை. மூலத்தாளே வெட்டப்பட்டிருந்தது. முதுகு, முன்பக்கம், கை, கைமடிப்பு எல்லாமே கோடும் புள்ளியும் கோடுமாக முப்பத்தெட்டில் வெட்டப்பட்டிருந்தன. அவன் அலுவலகத்து வரைபடங்களில் கோடு-புள்ளி-கோடு என்றால் அடுத்தவர் நிலத்தின் எல்லை. வெட்டியெறிந்த ஓரங்களைத் தேடினான். தையல் இயந்திரத்தின் கீழே, துண்டுத்துணி போடும் தகர டப்பாவில் கிடைத்தன. விரலகலத்துக்கு நீள நீளமான தாள் நாடாக்கள். அவற்றின் விளிம்பில் விட்டுவிட்டு வரும் கோடு ஓடியது. நாற்பத்திரண்டு. அவன் நாடாக்களை வெட்டிய தாளின் ஓரத்தில் பொருத்திப் பார்த்தான். பிறகு, நோய்க் கலக்கத்தில் கோடு மாறி வெட்டிவிட்டாள் என்று முடிவு செய்தான். யாராவது அதை உறுதிசெய்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. உடையறைத் தலைவியைக் கூப்பிட்டான்.

உடையறைத் தலைவிக்குக் குண்டூசி அக்கா என்று பெயர். முப்பது வருடமாக உதட்டோரம் நாலைந்து குண்டூசியோடுதான் பேசுவார். வாயில் ஊசி இருந்தால் வீண்பேச்சு வராது, வந்தால் குத்தும் என்பது அவர் கட்சி. கோட்டு மூச்சு விடுவதைப் பார்த்து, "காஜா நல்லாப் போட்டிருக்கா," என்று மட்டும் சொன்னார். பிறகு வெட்டிய தாளை ஜன்னலில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தார். அவன், கோடு மாறிப் போச்சு போல இருக்கு என்றான்.

"மாறல," என்றார் அக்கா. "பென்சில் குறி போட்டிருக்கா பாருங்க. எடது தோள் அரை இஞ்சு எறக்கியிருக்கா. எடது கைய அதுக்கேத்த மாதிரி திருப்பியிருக்கா. கடையில விக்கிற பேட்டர்ன்ல எல்லாருக்கும் ரெண்டு தோளும் ஒரே ஒசரம்தான். இது அளவெடுத்தது."

"அளவு எழுதி வெச்சு வெட்டியிருக்கலாம்."

"அளவு நாடாவுக்குத் தோள் எறக்கம் தெரியாதுப்பா. ஆள நிக்க வெச்சு, துணியக் குத்தி, கண்ணால பாக்கணும். ஒரு தடவை பத்தாது. மூணு ட்ரயலாவது பாத்திருக்கா. உள்ள துணிகூட விடல. இந்த ஆளு மாறமாட்டான்னு அவ்வளவு நம்பிக்கை."

அவன் தாளை ஜன்னலிலிருந்து எடுத்து மடித்தான். அக்கா கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, நிமிராமல் சொன்னார்: "செவ்வாக்கிழமை அரங்குக்கு விடுமுறை. உங்களுக்குத் தெரியாதா என்ன."

அன்று அவனுக்குச் சவப்பெட்டி ஞாபகம் வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். அவன் இடது முன்பக்கம், வலது தோளில். தெருமுனைவரை போவதற்குள் பெட்டி எதிர்ப்பக்கம், முன்னால் இடது தோளில் தாங்கியவர் பக்கம் சரிந்தது. பின்னாலிருந்து யாரோ, "தோளை ஒசத்துப்பா, சாயுது," என்றார்கள். ஒசத்த முடியாத தோள் அது. அரங்கின் விளக்குக்காரருடையது. இருபது வருடமாக இடது தோளில் பெரிய விளக்குகளைச் சுமந்து ஏணி ஏறி, அந்தத் தோள் அரை அங்குலம் இறங்கிப்போனவர். ஒல்லி உடம்பு. புதைகுழியருகே ஒரு மரத்தின் கீழ் தனியாக நின்றார். அரங்கிலிருந்து வந்திருக்கிறார், நல்ல மனுஷன் என்று வரைபடக்காரன் அன்று அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். இரண்டு கைகளாலும் பிடித்துச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரியின் தங்கை வந்து, அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்த்துப் பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போவாள். அந்த ஞாயிறு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். வெட்டிய தாள் அவன் கையில் இருந்தது.

"மாமா, அதை அப்படியே விட்டுடுங்க," என்றாள் அவள், திரும்பாமலேயே.

"உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு நான் என்ன பண்ண? எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"எத்தனை மாசமா?"

அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். "மாசமா கேக்கறீங்க," என்றாள்.

அவன் போய்ப் படுத்துக்கொண்டான். யார் யாருக்குத் தெரியும் என்று படுத்தபடி கணக்குப் பார்த்ததில், தெரியாதவர் பட்டியல்தான் சின்னதாக வந்தது. வீட்டுக்காரர் செவ்வாய் மதியம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் ஒருமுறை, பகலில் துணைக்கு ஆள் இருக்காங்கல்ல என்று கேட்டிருந்தார். கொழுந்தியாளைச் சொல்கிறார் என்று இவன் தலையாட்டினான். பன்னிரண்டு ஊசிகள். அவன் கோத்த நூல். அது எங்கே போகிறது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், கோத்தவனைத் தவிர.

முன்னறைக் கதவைச் சாத்தி வெளியில் தாழ் போட்டான். ஒன்பது நாள் திறக்கவில்லை. பின்வாசல் வழியாக அலுவலகம் போய்வந்தான். கதவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. முதல் இரண்டு நாள் பழைய மாதிரி. மூன்றாம் நாள் நிறுத்தம் பன்னிரண்டு எண்ணும்வரை நீண்டது. ஏழாம் நாள் முப்பது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். ஒன்பதாம் நாள் காலை அறுபத்திரண்டுவரை எண்ணியும் அடுத்த மூச்சு வரவில்லை. இந்த எண்ணிக்கை எப்படி முடியும் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை முடிந்ததைக் கேட்டிருக்கிறான். தாழை நீக்கிக் கதவைத் திறந்தான். கோட்டின் முன்பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. ஊசியில் நூல் கோத்து, இடது கையின் நூலோட்டத்துக்குப் பக்கத்தில், அவள் போட்ட பென்சில் குறியின் மேலேயே, இறக்கி வெட்டிய அந்தத் தோளுக்குத் தகுந்தபடி முதல் தையலைப் போட்டான். கோட்டு மூச்சு விட்டது. மறுநாள் காலையிலும் அந்தத் தையல் இருந்தது.

அதன்பிறகு அவன் அவள் போட்ட பென்சில் கோட்டின் மேலேயேதான் தைத்தான். கைக்கு ஆறு வாரம் ஆயிற்று. கீழ்விளிம்புக்கு ஒரு மாதம். நான்கு காஜாக்களுக்கு மழைக்காலம் முழுவதும். புதியவன் கையில் காஜா ஒரு நாளில் கால் அங்குலம்தான் நகரும், அதிலும் பாதியைப் பிரிக்க வேண்டிவரும். தையலில் கோபம் தெரியும் என்று அவள் சொல்லியிருந்தாள். இவன் தையலில் எதுவும் தெரியவில்லை. எல்லாம் முடிந்தும் மூச்சு சீராகவில்லை. மெத்தை இல்லாத கட்டிலில் படுத்தவள் மாதிரி அது பொம்மையின் மேல் திணறியது. ஒரு திங்கட்கிழமை அவன் அரங்குக்குப் போனான். விளக்குக்காரர் ஏணியின் உச்சியில் இருந்தார். வரைபடக்காரன் அண்ணாந்து பார்த்தான்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க. ட்ரயல் இருக்கு."

மேலே ஒரு விளக்கு அணைந்தது. பிறகு, "சரிங்க," என்றார் விளக்குக்காரர்.

இரண்டு மணிக்கு வந்தார். எந்த ஆணியில் பையை மாட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கை அந்த ஆணிவரை போய்விட்டது; பிறகு நினைத்துக்கொண்டு பையைத் தரையில் வைத்தார். கோட்டைப் போட்டார். தோள், முதுகு, இடுப்பு, எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீர் ஊற்றியது போல உட்கார்ந்தது. கடைசி நான்கு காஜாக்களைத் தைத்திருந்தானே தவிர வரைபடக்காரன் இன்னும் வெட்டித் திறக்கவில்லை. கோட்டைக் கழற்றி, மேசைமேல் வைத்து, மரக்கட்டை கொடுத்துத்தான் காஜாவை வெட்ட வேண்டும். செய்முறைத் தாளில் அது இல்லை. தையல்காரர்கள் யாருக்கும் அதைச் சொல்லவேண்டியதும் இல்லை. அவன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, ஆள் மேல் இருந்தபடியே, மேலிருந்து மூன்றாவது காஜாவில் முனையை வைத்தான். அது நெஞ்சுக்கு நேராக வரும் காஜா. உடையறையில் இருபது வருடம் பழகிய விளக்குக்காரருக்கு இப்படி வெட்டக் கூடாது என்று தெரியும்; ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தொங்கவிட்டு நின்றார். கத்தரி துணிக்குள் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் முனை கொஞ்சம் ஆழமாகப் போனது. விளக்குக்காரர் அசையவில்லை. உள்ளே சட்டையில் ஒரு துளி சிவப்பு தெரிந்தது. ஊசி குத்தினால் வருகிற அளவுதான். வரைபடக்காரன் கத்தரியை மேசையில் வைத்துவிட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான்.

மூச்சு மாறியது. குட்டை மூச்சு இல்லை, நிறுத்தம் இல்லை. நோய்க்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், வாய் லேசாகத் திறந்து அவள் தூங்கும்போது வரும் மூச்சு. விளக்குக்காரரின் மூச்சு தனியாக இருந்தது. இது அதன்மேல், துணியில் ஓடியது. விளக்குக்காரர் கண் திறந்து, "தம்பி, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க," என்றான் வரைபடக்காரன். "கேக்கணும்."

மூன்று மணிக்குக் கழற்றி மாட்டச் சொன்னான். கோட்டு வெள்ளிக்கிழமைவரை பொம்மையின் மேல் நன்றாக மூச்சு விட்டது. சனிக்கிழமை திணறல் ஆரம்பித்தது. அதனால் அடுத்த செவ்வாயும் அவர் வரவேண்டியதாயிற்று, அதற்கடுத்ததும். அலுவலகத்தில் அவனுக்குச் செவ்வாய்தோறும் அரைநாள் விடுப்பு என்று எழுதாத ஏற்பாடு ஆயிற்று. இருவரும் நண்பர்கள் ஆகவில்லை. வரைபடக்காரன் அவருக்குத் தண்ணீர் கொடுத்ததுகூட இல்லை. அவர் ஜன்னல் பக்கம் கோட்டோடு உட்கார்ந்திருப்பார், இவன் எதிரில் கண்ணை மூடித் தலையை இடது பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். கொழுந்தியாள் ஒருமுறை தெரியாமல் செவ்வாயில் வந்துவிட்டு, வாசலிலேயே நின்று தன் அக்காவின் மூச்சைக் கேட்டு, அழுதுவிட்டு, பாத்திரம் கழுவாமல் போனாள். தெருவில் இரண்டு மணி என்றால் விளக்குக்காரர் போகிற நேரம். வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை, "இப்ப மூணு பேரா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று இவன் சொன்னதும் விட்டுவிட்டார்.

நான்காம் வருடம் விளக்குக்காரருக்கு லேசாகத் தொப்பை விழுந்தது. வயிற்றுக்கு நேரான பொத்தான் இழுத்தது. மூச்சில் ஒரு சின்ன இடறல் கேட்டது. கோட்டில் பிரித்து விட உள்ளே துணி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "ஒடம்பப் பாத்துக்குங்க," என்றான் வரைபடக்காரன். அந்த வீட்டில் அவரிடம் அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அவர் முயற்சி செய்தார். ஏணியைத் தினம் இரண்டு தடவை அதிகமாக ஏறினார். ஆனால் ஐம்பதைத் தாண்டிய உடம்பு பேச்சைக் கேட்பதில்லை. ஏழாம் வருடம் அந்தப் பொத்தானைப் பூட்ட இருவரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரைபடக்காரன் குண்டூசி அக்காவின் வீட்டுக்குப் போய், தன்னை அளவெடுக்கச் சொன்னான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மார்பில் நாடாவைச் சுற்றினார். ஏழு வருடத்தில் சாப்பாடு குறைந்து அவன் பாதியாகியிருந்தான். "முப்பத்தொம்போது," என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து சொன்னார். பிறகு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்ப வந்து அவன் இடது தோளில் விரலை வைத்தார்.

"இது எறங்கியிருக்கே. எந்தப் பக்கம் பை மாட்றீங்க?"

"பையெல்லாம் மாட்றதில்லக்கா. செவ்வாக்கிழமையில தலையச் சாச்சுக் கேப்பேன், அவ்வளவுதான்."

அக்கா வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார். மறுபடி அளந்தார். "கால் இஞ்சு," என்றார். "இன்னும் கால் இஞ்சு எறங்கணும். மார்புல ஒரு இஞ்சு. கோட்டு உங்களுக்கு ஒக்கார ரெண்டு வருஷம் ஆகும்."

அவன் சரி என்றான். அன்று இரண்டு மணிக்கு விளக்குக்காரர் வந்தபோது வாசல் கதவு திறந்தே இருந்தது. ஆணி காலியாக இருந்தது. அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, கைகளைப் பின்னால் நீட்டி நின்றார். வரைபடக்காரன் கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்டான்.